44 வயதில் முகத்துக்கு என்ன போடலாம்? வடகடல் கரையிலிருந்து ஒரு கடிதம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் வடகடல் (பாக் விரிகுடா) கரையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 44. மகளிர் குழுவோடு சேர்ந்து கடல்பாசி வளர்க்கிறார். கரையில் உட்கார்ந்து கயிற்றில் விதைப்பாசி கட்டுவது, இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தெப்பத்தைப் பார்ப்பது, அறுத்த பாசியை மணலில் காயப்போடுவது என்று வாரத்தில் நாலைந்து நாள் நடுப்பகல் வரை வெயிலில்தான் இருக்கிறார். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டை, தலையில் துண்டு. சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் எடுத்த போட்டோ அவரை உலுக்கியிருக்கிறது. "எனக்கு ஆறு வயது மூத்த அக்கா மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறாள். போட்டோவில் நான்தான் அவளுக்கு அக்கா மாதிரி நிற்கிறேன்" என்று எழுதுகிறார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம். அம்மாவுக்காக அவள் ஐந்து சமாச்சாரம் வாங்கி அனுப்பியிருக்கிறாள்: வைட்டமின் சி சீரம், நியாசினமைடு சீரம், ரெட்டினால் சீரம், தோலை உரிக்கும் சிவப்புத் திரவம் ஒன்று, கடல்பாசிச் சாறு கலந்த ஜெல் ஒன்று. எதை முதலில் போடுவது என்று தெரியாமல் இன்னும் எதையும் திறக்கவில்லை. ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் வாங்கித் தந்த ஒரு வெள்ளை டப்பா 'நைட் கிரீம்' ஐந்து மாதமாகப் போடுகிறாராம். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது இரண்டு நாள் நிறுத்தினாலும் கன்னம் சிவந்து எரிகிறது. அதனால் விட முடியவில்லை. டப்பாவில் கம்பெனி பெயரே இல்லை.

அவர் கேட்டவை: இந்த வயதில் ஆரம்பித்துப் பயன் உண்டா? உப்புத் தண்ணீர்தானே தோலைச் சுருக்கிவிட்டது? கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு, கடலில் இறங்கினால் கரைந்துவிடாதா? மாதவிடாய் முன்பின்னாக வருவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? "இந்த வயதில் என்ன மினுக்கு" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது?

சகோதரி, நீங்கள் கடைசியில் சொன்னதிலிருந்து நான் தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் அந்த வெள்ளை டப்பா

ஒரு கிரீம் சில வாரத்தில் முகத்தை வெளுக்க வைத்து, நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் வந்தால், எனக்கு முதலில் வரும் சந்தேகம் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்றவை சோரியாசிஸுக்கும் கரப்பானுக்கும் நல்ல மருந்துகள்தான். நானே எழுதித் தருகிறேன், குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட நாளுக்கு. அவற்றையே மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து போகும், மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் மாதிரி தெரியும், பரு கிளம்பும், கன்னத்தில் முடி வளரும், வெயில் பட்டாலே எரியும். தோல் மெலிந்தால் சுருக்கம் இன்னும் சீக்கிரம் விழும். இளமை வேண்டும் என்று போட்ட கிரீம் எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு போகிறது.

"நிறுத்தினால் எரிகிறது, அதனால் அது என் தோலுக்குத் தேவைப்படுகிறது" என்று நினைக்காதீர்கள். அந்த எரிச்சலை உண்டாக்கியதே அந்த கிரீம்தான். போட்டதும் அடங்குவதால் மருந்து மாதிரித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சந்தேகமும் உண்டு, அது பாதரசம். நிறம் கொடுக்கும் கிரீம்களில் பாதரசம் சேர்ப்பதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது. ஆனாலும் பெயர் ஊர் இல்லாத டப்பாக்களில் அது வருகிறது. 2023-ல் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, காரணம் தேடிப் போனபோது அவர்கள் போட்டுவந்த நிறக் கிரீம்களில்தான் போய் முடிந்தது. உங்களுக்கு அப்படி ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளை இன்னும் ஒரு ராத்திரி கூடப் போட வேண்டாம்.

நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து தடிக்கலாம், பொரிப்பொரியாக வரலாம். அதற்காக வீட்டிலேயே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்த் தோல் பிரிவில் சீட்டுப் போடுங்கள். டப்பாவை மறக்காமல் கையில் கொண்டு போங்கள். இந்த எரிச்சலை அடக்கவும் தோலைப் படிப்படியாக மீட்கவும் மருந்து இருக்கிறது. முகத்தைப் பார்த்துத்தான் அதைத் தீர்மானிக்க முடியும். போன கையோடு ரத்த அழுத்தமும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

சட்டத்தில் உங்களுக்கு உள்ள உரிமையையும் சொல்லிவிடுகிறேன். விற்பனைக்கு வரும் எந்த அழகுப் பொருளிலும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, சேர்மானங்கள் இருந்தே ஆக வேண்டும். ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை 2018-ல் மத்திய அரசு மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. ஆக, உங்களுக்குக் கிடைத்த டப்பா எப்படிப் பார்த்தாலும் விற்கக் கூடாத டப்பா. மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவரும் போட்டுக்கொண்டிருப்பார். அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

வயதா, வெயிலா?

இப்போது அந்த போட்டோ விஷயம். ஒரு காரியம் செய்யுங்கள். சட்டைக் கையை மேலே சுருட்டி, அக்குளுக்குப் பக்கத்தில் உள்ள உள்கைத் தோலைப் பாருங்கள். நிறம் ஒரே சீராக, மிருதுவாக, கோடு குறைவாக இருக்கும். அப்படியே முழங்கைக்குக் கீழே புறங்கையைப் பாருங்கள். புள்ளி, கறுப்பு, சொரசொரப்பு, நெருக்கமான கோடுகள். இரண்டுக்கும் வயது 44தான். அக்காவுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுவே. அவர் கூரைக்குக் கீழே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில் நீங்கள் தண்ணீரில் நின்றிருக்கிறீர்கள்.

தோலுக்கு விறைப்பு கொடுப்பது கொலாஜன், இழுத்தால் திரும்பி வர வைப்பது எலாஸ்டின். வெயிலின் புற ஊதாக் கதிர்களில் 'ஏ' வகை தோலின் ஆழம் வரை போய் இந்த இரண்டையும் சிதைக்கிறது. மேகத்தையும் தாண்டும், ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். அதனால் மூட்டமான நாளிலும் அதிலிருந்து தப்ப முடியாது. உங்கள் வேலை இடத்தில் இன்னொரு கூடுதல் கணக்கு உண்டு: காய்ந்த மணல் சுமார் 15 சதவீதமும், அலை நுரை சுமார் 25 சதவீதமும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கின்றன. வெயில் உங்களுக்கு மேலிருந்து மட்டும் வருவதில்லை.

உப்புத் தண்ணீரை நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். அதன் பங்கு சின்னதுதான். உப்பு தோலின் மேற்பரப்பு ஈரத்தை இழுத்து வறள வைக்கும். வறண்ட தோலில் மெல்லிய கோடுகள் தெரியும். நல்ல தண்ணீரில் கழுவி கிரீம் பூசினால் அவை ஒரு ராத்திரியில் மங்கிவிடும். கண்ணோரத்திலும் நெற்றியிலும் நிலையாக நிற்கிற கோடுகள் வேறு, அவை வெயில் போட்டவை.

கறுத்த தோல் என்பதால் நமக்குப் பாதுகாப்பு உண்டா என்றால், உண்டு. மெலனின் அதிகமுள்ள தோலுக்கு இயற்கையிலேயே எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு எண்) 13 அளவுக்குத் தடுப்பு இருப்பதாக அளந்திருக்கிறார்கள். வெள்ளைத் தோலுக்கு அது 3-ஐ ஒட்டித்தான். அதனால்தான் நம்மவர்களுக்குச் சுருக்கம் பிந்தி வருகிறது. ஆனால் நம் தோலில் முதுமை முதலில் சுருக்கமாக வராது, நிறமாக வரும்: மங்கு, திட்டு, மூக்கோரக் கறுப்பு, மேல் உதட்டுக் கறுப்பு. உங்கள் கடிதத்தில் "கன்னத்தில் மேப் போட்ட மாதிரி" என்று எழுதியிருப்பது மங்குதான் என்று நினைக்கிறேன். தலையில் துண்டு கட்டியும் அது ஏன் வந்தது என்றால், துண்டு நெற்றியையும் காதையும் மூடுகிறது, கன்ன எலும்பும் மூக்கும் வெளியே நிற்கின்றன.

மாதவிடாய் பற்றிய கேள்வியும் நியாயமானது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய தோல் வறண்டு மெலியும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் 30 சதவீதம் வரை குறையலாம் என்பது பழைய கணக்கு, இன்றும் சொல்லப்படுவது. அதோடு உங்களுக்கு அசதியும் முடி கொட்டுவதும் இருப்பதாகச் சொல்வதால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தால் முகம் ஊதி, தோல் காய்ந்து போகும். எந்த சீரமும் அதைச் சரிசெய்யாது.

தாமதமா என்று கேட்டீர்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்போர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 900-க்கும் மேற்பட்டவர்களை நாலரை ஆண்டு கவனித்தார்கள். முடிவு 2013-ல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொல்லப்பட்டவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது போட்டவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. நடுவயதில் தொடங்கியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதால் அந்த எண்ணை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எந்த வயதில் வெயிலைத் தடுத்தாலும் அதற்குப் பிறகு நடக்கும் சேதம் குறையும் என்பது நம் தோலுக்கும் பொருந்தும்.

துணி, நிழல், அப்புறம் சன்ஸ்கிரீன்

மகள் அனுப்பிய ஐந்தில் சன்ஸ்கிரீன் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இளமைக்கென்று விற்கப்படுவதில் அதிக வேலை செய்வது அதுதான்; பார்க்க ஆடம்பரமாக இல்லாததால் பரிசாக யாரும் வாங்குவதில்லை. உங்களுக்கோ அதற்கும் முன்னால் துணியும் நிழலும்.

சட்டை போடுகிறீர்கள், நல்லது. ஆனால் பலமுறை துவைத்து நைந்த வெள்ளைக் காட்டன் சட்டை நனைந்தால் கதிரை நிறையவே உள்ளே விடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் தெரிந்தால் வெயிலும் போகும். நெருக்கமாக நெய்த, அடர் நிறத்து, கொஞ்சம் தொளதொள சட்டை வாங்கிக்கொள்ளுங்கள். துண்டுக்கு மேல் நாலு விரல் அகல விளிம்புள்ள ஓலைத் தொப்பி போட்டு, தாடைக்குக் கீழே நாடா வைத்துக் கட்டுங்கள், காற்று அடித்துக்கொண்டு போகாது. கூலிங் கிளாஸ் ஒன்று, 'யுவி 400' என்று எழுதியது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதால் விழும் ஓரக் கோடுகள் குறையும். கடற்கரைக்காரர்களுக்கு வெள்ளை விழியில் வளர்கிற சதைக்கும் அது தடுப்பு.

தெப்பம் பார்க்கத் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் விதைப்பாசி கட்டுவது உட்கார்ந்து செய்கிற வேலை. அதை ஒரு கீற்றுப் பந்தலுக்குக் கீழே செய்யலாமே? குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். பத்துப் பெண்களின் முகத்துக்கு அந்தப் பந்தல் செய்வதை எந்த சீரமும் செய்யாது. கையில் கடிகாரம் இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் கதிர் கடுமையாக இருக்கிற நேரம். காயப்போட்ட பாசியைத் திருப்பிப் போடுவது போன்ற நகர்த்தக்கூடிய வேலைகளை அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தபின் மிச்சம் இருப்பது மூக்கு, கன்னம், தாடை, கழுத்து, புறங்கை. தொப்பிக்குக் கீழே தண்ணீரிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சமும் இவற்றில்தான் விழுகிறது. இவற்றுக்கு சன்ஸ்கிரீன்.

டியூபில் மூன்று விஷயம் பாருங்கள். எஸ்.பி.எஃப். 30 அல்லது 50. 30 என்பது தோலைச் சுடும் 'பி' வகைக் கதிரில் சுமார் 97 சதவீதத்தையும் 50 என்பது 98 சதவீதத்தையும் தடுக்கும், அதனால் 100 என்று போட்டதற்குக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். 'பி.ஏ.' என்ற எழுத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று கூட்டல் குறி. 'ஏ' வகைக் கதிருக்கு அதுதான் அடையாளம். மூன்றாவது, தண்ணீரைத் தாங்கும் என்ற குறிப்பு. நீங்கள் பயந்த மாதிரி சாதாரண சன்ஸ்கிரீன் கடலில் வழிந்துவிடும்தான். தண்ணீர் தாங்கும் வகை 40 அல்லது 80 நிமிடம் நிற்கும், எவ்வளவு என்று டியூபிலேயே இருக்கும். கரையேறியதும் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். தண்ணீரில் இறங்காத நாளில் வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. மங்கு இருப்பதால் இரும்பு ஆக்ஸைடு சேர்த்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் கிடைத்தால் அதுவே உங்களுக்குப் பொருத்தம். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதை அது தடுக்கும். வெள்ளையாகப் பூசினாற்போல் தெரிகிற தொந்தரவும் இருக்காது.

அளவில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிக்கொள்ளுங்கள், அது முகத்துக்கும் கழுத்துக்கும். அப்படிப் போட்டால் 50 கிராம் டியூப் ஒரு மாதம் வருவதே பெரிது. ஒரு வருடம் வந்தால் அது சுவருக்குச் சுண்ணாம்பைத் தொட்டுப் பொட்டு வைத்த கணக்கு. செலவு யோசனையாக இருக்கும் என்று தெரியும். அதனால்தான் துணியை முன்னால் சொன்னேன். மூடிய இடத்துக்கு டியூப் செலவில்லை.

இன்னொன்று. நீங்கள் இறங்குகிற கடலில் பவளப்பாறை இருக்கிறது. சில சன்ஸ்கிரீன் ரசாயனங்கள் பவளத்தைப் பாதிக்கும் என்ற கவலையால் ஹவாய் தீவில் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்சேட் இரண்டில் எது இருந்தாலும் அந்த சன்ஸ்கிரீன் விற்பனையை 2021 முதல் தடுத்துவிட்டார்கள். கடலில் கலக்கும் அளவில் உண்மையிலேயே எவ்வளவு கெடுதல் என்பதில் ஆய்வாளர்களிடம் ஒத்த கருத்து இல்லை. ஆனாலும் கடல்தான் உங்கள் பிழைப்பு என்பதால், கடலுக்குப் போகும் நாளில் துத்தநாக ஆக்ஸைடு வகையை வாங்கினால் மனதுக்கும் நிம்மதி.

சாயங்காலமும் ராத்திரியும்

உங்கள் பக்கத்துத் தண்ணீர்ப் பாடு எனக்குத் தெரியும். உவர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் பிசுபிசுவென்று படலமாக ஒட்டும். நுரை வரட்டும் என்று இன்னும் தேய்ப்போம். தோல் இன்னும் இழுக்கும். குளிப்பதற்கு உவர் தண்ணீராகவே இருக்கட்டும், கடைசியில் முகம் கழுவ மட்டும் குடிதண்ணீர் ஒரு செம்பு ஒதுக்குங்கள். சோப்புக்குப் பதில் நுரை குறைந்த, சோப்பு கலக்காத முகம் கழுவும் திரவம். காலையில் வெறும் தண்ணீர் போதும்.

துடைத்து முகம் அரை ஈரமாக இருக்கும்போதே கிளிசரின் கலந்த, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். விலை குறைந்ததே நன்றாக வேலை செய்யும். வாயோரம், கையிடுக்கு வெடித்திருந்தால் பெட்ரோலியம் ஜெல்லி. தேங்காய் எண்ணெய் கை காலுக்கு அருமையானது. முகத்தில் பரு வருகிறவர்கள் தவிர்க்கலாம். அதை சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக மட்டும் நினைக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு முகத்துக்குக் கூடவே கூடாது. அதைத் தடவி வெயிலில் போனால் கொப்புளம் வந்து, ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும்.

முதல் இரண்டு மூன்று மாதம் இவ்வளவுதான். பகலில் மூடுவதும் சன்ஸ்கிரீனும், ராத்திரியில் கழுவுவதும் மாய்ஸ்சரைசரும். "இவ்வளவுதானா" என்று மகள் கேட்பாள். உங்கள் தோல் இப்போது ஒரு கெட்ட கிரீமிலிருந்து மீள வேண்டிய தோல். அதன்மேல் புதிதாக எதையும் சோதிக்க நான் விடமாட்டேன்.

அந்த ஐந்து பாட்டில்

சுருக்கத்துக்கு நல்ல ஆதாரம் உள்ளது ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ குடும்பம். 1986-லிருந்தே வெயிலில் கெட்ட தோலுக்கு அந்தக் குடும்பத்து ட்ரெட்டினாயின் பயன்படும் என்று ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. மகள் வாங்கிய ரெட்டினால் அதன் மென்மையான உறவு. எரிச்சல் முழுக்க அடங்கி, உங்கள் மருத்துவர் சரி என்றபின் அதைத் திறங்கள். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, வாரத்தில் இரண்டே ராத்திரி. அந்த இரண்டும் மறுநாள் கடலுக்குப் போகாத ராத்திரிகளாக இருக்கட்டும். புதிதாகத் தொடங்கிய தோலில் உப்புத் தண்ணீர் சுரீரென்று பிடிக்கும். முதலில் மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் இது. கண்ணிமை, உதட்டோரம், மூக்கு மடிப்பு வேண்டாம். லேசாகக் காய்ந்து செதில் உதிர்வது சகஜம். எரிந்தால் நிறுத்திவிட்டு இடைவெளி விடுங்கள். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்பது பொய். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்கவில்லை என்பதால் ஒன்றைக் கூச்சப்படாமல் சொல்கிறேன்: கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் ரெட்டினாய்டு கூடாது. நாள் தள்ளிப் போனால் மாதவிடாய் நிற்கிறது என்று நீங்களே முடிவு கட்டாமல் சோதித்துப் பாருங்கள்.

நியாசினமைடை வைத்துக்கொள்ளலாம். நிறத் திட்டுக்கும் எண்ணெய்ப் பசைக்கும் ஓரளவு உதவும், பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். அதையும் அந்த முதல் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். வைட்டமின் சி சீரம் மோசமில்லை, ஆனால் சூட்டையும் காற்றையும் தாங்காது. தகரக் கூரைக்குக் கீழே அலமாரியில் வைத்தால் சீக்கிரமே பழுப்பாகும். பழுப்பானதைத் தூக்கிப் போடுங்கள்.

சிவப்புத் திரவத்தை மகளுக்கே திருப்பி அனுப்புங்கள், இல்லை கொட்டிவிடுங்கள். அது அமிலத்தால் தோலை உரிப்பது. நம் நிறத் தோலில் எங்கே புண்பட்டாலும் அங்கே கறுப்பு தங்கும். அதுவும் ஸ்டீராய்டு மெலிய வைத்த தோலில், மறுநாள் கடல் வெயிலில் நிற்கப் போகிறவருக்கு, அது வேண்டவே வேண்டாம்.

கடல்பாசி ஜெல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நீங்கள் தெப்பத்தில் வளர்க்கிற பாசியிலிருந்து எடுக்கும் காராஜினன் பற்பசையையும் கிரீமையும் கெட்டியாக நிறுத்துவதற்குச் சேர்ப்பது. பூசிய நேரம் குளுகுளுவென்று ஈரமாக இருக்கும், சுருக்கத்தை அது எடுத்துவிடாது. வீட்டில் அரைத்துப் பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் ஒட்டிய மணலும் சிப்பித் தூளும் முகத்தைக் கீறும், வேண்டாம்.

நிறத்துக்காக குளுட்டாதயோன் ஊசி போடும் இடங்கள் இப்போது சின்ன ஊர்களிலும் வந்துவிட்டன. அந்தப் பக்கமே போகாதீர்கள். கொலாஜன் பொடிக்குக் கொடுக்கும் காசுக்கு வீட்டில் இருக்கிற மீனை நீங்களும் ஒரு துண்டு கூடச் சாப்பிடுங்கள்; எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளும் ஆள் நீங்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

வீட்டுக்காரரின் கேலிக்குப் பதில் வேண்டும் என்றீர்கள். அவர் கடலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியதும் பிடரியைப் பாருங்கள். தோல் தடித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகக் கோடு ஓடியிருக்கும். பல வருடம் வெயிலில் நின்ற கழுத்து அப்படித்தான் ஆகும். போனில் படமெடுத்து அவரிடம் காட்டிவிட்டு, அதே சன்ஸ்கிரீனை அங்கேயும் பூசிவிடுங்கள். முகத்திலோ காதிலோ உதட்டிலோ ஒரு மாதமாகியும் ஆறாத புண், ரத்தம் கசிகிற மரு, வளர்கிற மச்சம் இருந்தால் அவரையும் தோல் மருத்துவரிடம் கூட்டி வாருங்கள். நம் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் அரிதுதான், இல்லாமலில்லை.

தை மாதத்துக்குள் என்ன ஆகும்?

வெள்ளை டப்பாவை இன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்த்தால், எரிச்சலும் சிவப்பும் தைக்குள் நன்றாக அடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வறட்சிக் கோடுகள் சில வாரத்திலேயே போய்விடும். மங்கு கொஞ்சம் வெளிறியிருக்கும். முழுக்கப் போகாது, வெயில் பட்டால் திரும்பியும் வரும். கண்ணோரத்து ஆழமான கோடுகள் அப்படியே இருக்கும். அவற்றுக்கு ஒரு வருடம் ரெட்டினால் போட்டபின் பேசலாம்.

நிச்சயத்துக்கு முந்தின இரண்டு வாரம் பார்லரில் ப்ளீச்சிங், புது ஃபேஷியல், ஸ்க்ரப் எதுவும் செய்ய வேண்டாம். யாராவது 'ஒரே நாளில் பளபளப்பு' என்று எதையாவது நீட்டினால் பின்பக்கம் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். எழுதியே இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அன்று மேக்கப் போடுவதாக இருந்தால் அதே பொருட்களை ஒரு வாரம் முன்பே தாடையோரத்தில் தடவி இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது டப்பாவோடு மகள் அனுப்பிய ஐந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தேதிக்குள் தேவை என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப அவர் மருந்தைத் திட்டமிடுவார்.